புள்ளிகளில் எழுந்த தமிழ்



விழா முடிந்து வீடு திரும்பியதும் மருந்துகள் வைத்திருக்கும் இலாச்சியைத் திறந்து, தக்கிப்பிரீனா மாத்திரை அடைத்து வரும் கடதாசிப் பெட்டியை ஒருமுறை கையில் எடுங்கள். கண்களை மூடிக்கொண்டு அதன் மேற்புறத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள. சின்னஞ்சிறு மேடுகள் விரலில் தட்டுப்படும். அவை அச்சுப் பிழையுமல்ல, அலங்காரமுமல்ல. மருந்தின் பெயர் பார்வையற்றோர் வாசிப்பதற்காக அங்கே பிரெயில் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மருந்துப் பெட்டிகளில் பெயர் பிரெயிலில் இருத்தல் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டில் விதித்தது. எனவே லிபெர்த்தாவில் வாழும் எம்மவர் ஒவ்வொருவர் வீட்டிலும், அறிந்தோ அறியாமலோ, பிரெயில் எழுத்து இருந்துகொண்டே இருக்கின்றது.

அப்பெட்டியிலுள்ள அதே புள்ளிகளைத் தமிழ்ப் பிரெயில் மட்டும் கற்ற ஒருவர் தடவினால் என்ன வாசிப்பார்? "த அ ச ஹி பி ரி ந அ" என்று வாசிப்பார். புள்ளிகள் மாறவில்லை; மொழி மாறியதால் வாசிப்பு மாறிவிட்டது. இச்சிறு வேறுபாட்டின் பின்னே பெரியதொரு செய்தி உண்டு. கணினியில் தமிழ் எழுதும் நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய அச்செய்தியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்மை இதை எழுதத் தூண்டியது

எமது பாடசாலைக்குத் தன் தம்பியைக் கொண்டுவந்து விடும் தாயாருடன் ஒரு சிறுமியும் வருவாள். வகுப்பு முடியும்வரை கடைசி வாங்கில் அமைதியாக அமர்ந்திருப்பாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. "பிள்ளையையும் வகுப்பில் சேர்க்கலாமே" என்று நாம் கேட்டபோது, "அவவுக்குக் கண் தெரியாது மாஸ்ரர். தமிழைக் காதால் கேட்டு விளங்கினால் போதும்தானே" என்றார் தாயார். அச்சொல்லில் வெறுப்பு இல்லை, களைப்பு இருந்தது. ஆனால் அதே பிள்ளை கிழமை நாட்களில் இத்தாலியப் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து, பிரெயிலில் வாசித்தும் எழுதியும் வருகின்றாள். உடற்குறையுள்ள பிள்ளைகள் பொதுப் பாடசாலையிலேயே கற்பதற்கு இந்நாட்டில் 1977 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. இத்தாலிய மொழிக்குத் திறந்த கதவு தாய்மொழிக்கு மட்டும் மூடியிருக்கலாமா?

இக்கேள்வி எம்மைச் சுட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. வன்னியில் நாம் ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்தில், எறிகணை வீச்சில் இரு கண்களையும் இழந்த மாணவன் ஒருவன் தேறி மீண்டும் எமது வகுப்புக்கு வந்தான். கைதடியில் நவீல்ட் பாடசாலையும், சுன்னாகத்தில் வாழ்வகமும் இத்தகைய பிள்ளைகளுக்காக இருப்பதை நாம் கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் 2006 ஆம் ஆண்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் அங்கே செல்ல வழியில்லை. எமக்கோ பிரெயிலில் ஓர் எழுத்தும் தெரியாது. மற்றவர்கள் எழுதும்போது அவன் வெறுங்கையுடன் இருந்தான். சில வாரங்களில் வருவதை நிறுத்திவிட்டான். அவனை நாம் தேடிச் செல்லவும் இல்லை. போர் எம்மிடமிருந்து பறித்தவை பல. இது போர் பறித்ததன்று, எமது அறியாமையால் நிகழ்ந்தது. இரண்டாவது முறையும் அவ்வாறு நிகழக்கூடாது என்று எண்ணியே பிரெயில் கற்கத் தொடங்கினோம்.

ஆறு புள்ளிகள் பிறந்த கதை

லூயி பிரெயில் 1809 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் பிரான்சின் கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது, தோல் துளைக்கும் ஊசி ஒரு கண்ணில் குத்தியது. அந்நோய் மறு கண்ணுக்கும் பரவிப் பார்வை முற்றாகப் போயிற்று. பத்து வயதில் பாரிசு நகரிலிருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான பாடசாலையில் சேர்ந்தார். இராணுவ அதிகாரியாக இருந்த சார்ல்சு பார்பியே என்பவர் உருவாக்கிய, பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒரு முறை அப்பாடசாலைக்கு அறிமுகமாயிற்று. அது ஒரே தொடுகையில் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. எழுத்துக் கூட்டலையும் காட்டவில்லை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824 இல், பதினைந்தாம் வயதில், தமது முறையை வகுத்து, 1829 இல் நூலாக வெளியிட்டார். 1852 இல் அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே பிரான்சு அதனை முறைப்படி ஏற்றது.

இங்கே கடைகளில் ஆறு முட்டைகள் கொண்ட பெட்டி வாங்குகின்றோம் அல்லவா? அதனை நிமிர்த்திப் பிடித்தால் அதுவே ஒரு பிரெயில் கட்டம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் மேலிருந்து கீழாக 4, 5, 6. ஒவ்வொரு குழியிலும் முட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே இரண்டை ஆறு முறை பெருக்கினால் வரும் 64 வகைகள் கிடைக்கும். ஒன்றுமே இல்லாத வெற்றுக் கட்டம் சொற்களுக்கு இடையிலான இடைவெளியாகும். எஞ்சிய 63 கட்டங்களுமே எழுத்துகளாகவும் குறிகளாகவும் தொழிற்படுகின்றன.

தமிழுக்குப் பிரெயில் வந்த வழி

தமிழகத்தின் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்றோருக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். இலங்கையில் மேரி சப்மன் அம்மையார் 1912 இல் நிறுவிய பாடசாலை இரத்மலானையில் வளர்ந்தது. ஆனால் இந்தியத் துணைக்கண்டத்தில் அந்நாளில் பகுதிக்கொரு பிரெயில் முறை வழங்கிற்று. ஒரு முறையில் கற்றவர் மறு முறையில் அச்சான நூலை வாசிக்க இயலாது. இக்குழப்பத்தைத் தீர்க்க உதவுமாறு 1949 இல் இந்திய அரசு யுனெஸ்கோ நிறுவனத்தை வேண்டிக்கொண்டது. அப்பணியில் முன்னின்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த சேர் குளூத்தா மக்கென்சி. அவரும் 1915 இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் பார்வையை இழந்தவரே. பேச்சுக்களின் முடிவாக 1951 இல் பாரதி பிரெயில் என்னும் பொது முறை இந்திய மொழிகளுக்கு ஏற்பட்டது. தமிழ்ப் பிரெயிலும் அதனுள் அடங்கும்.

அதன் அடிப்படை எளிமையானது. ஒரே ஒலிக்கு, எம்மொழியாயினும், இயன்றவரை ஒரே புள்ளிகள். ஐரோப்பிய மொழிகளிலும் அவ்வொலிக்கு எழுத்து இருந்தால் அதே புள்ளிகள். அதனாலேதான் எமது மகரமும் இத்தாலிய "எம்மே"யும் 1, 3, 4 என்னும் மூன்று புள்ளிகளாகவே உள்ளன. பகரமும் "பி"யும் 1, 2, 3, 4. லகரமும் "எல்லே"யும் 1, 2, 3. இத்தாலியப் பிரெயில் அறிந்த எமது பிள்ளைக்குத் தமிழ்ப் பிரெயிலில் ஏறத்தாழப் பாதி எழுத்துகள் முன்பே கைவந்தவை என்பதை அறிந்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

இருநூற்று நாற்பத்தேழும் முப்பத்திரண்டும்

இவ்விடத்தில் மாணவர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். தமிழில் 247 எழுத்துகள் உள்ளனவே, 63 கட்டங்களில் அவை எவ்வாறு அடங்கும்? விடை எமது இலக்கணத்திலேயே உண்டு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்களும் இவற்றின் கூட்டு. பிரெயிலும் அக்கூட்டையே பின்பற்றுகின்றது. உயிருக்குப் பன்னிரண்டு கட்டங்கள், மெய்வரிசைக்குப் பதினெட்டு, ஆய்தத்துக்கு ஒன்று, மெய்யின் புள்ளிக்கு ஒன்று. ஆக முப்பத்திரண்டு கட்டங்களில் தமிழ் நெடுங்கணக்கு முழுவதும் அடங்கிவிடுகின்றது.

எழுதும் விதி வருமாறு. தனியே வந்தால் "க" என்னும் கட்டம் அகரம் ஏறிய ககரமே. அதன்பின் உயிரெழுத்தின் கட்டம் வந்தால் அது உயிர்மெய்யாகும்: "கி" என்பது க, இ என்னும் இரு கட்டங்கள். "கொ" என்பதைப் பாருங்கள். தாளில் எழுதும்போது ஒற்றைக் கொம்பு முன்னும், கால் பின்னுமாக ககரத்தை இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றன. சின்னஞ்சிறு வகுப்புப் பிள்ளைகள் இதில் தடுமாறுவதை நாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் காண்கின்றோம். பிரெயிலிலோ அச்சிக்கல் இல்லை. முதலில் க, அடுத்து ஒ. வாயால் ஒலிக்கும் வரிசையே விரலால் உணரும் வரிசை.

தனிமெய்க்கு மட்டும் ஒரு மாற்றம் உண்டு. நாம் மெய்யின் தலைமேல் புள்ளி இடுகின்றோம். பிரெயிலில் அப்புள்ளி, நான்காம் இடத்து ஒற்றைப் புள்ளியாக, எழுத்துக்கு முன்னே ஒரு தனிக்கட்டத்தில் நிற்கும். "அம்மா" என்னும் சொல் அ, புள்ளி, ம, ம, ஆ என ஐந்து கட்டங்களாகும். "இப்போது வருவது மெய்" என்று விரலுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றது. மெய்க்குப் புள்ளி என்பது தொல்காப்பியம் கூறும் பழைய மரபு. எம்முன்னோர் எழுத்தாணியால் ஓலையில் எழுதியபோது புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டனர். வாசிப்பவர் ஊகித்துக் கொண்டார். பிரெயில் எழுதுவோரும் கூரிய ஆணியால் தாளில் குத்தியே எழுதுவர். ஆனால் இங்கே புள்ளியை விட்டால் சொல்லே மாறிவிடும்.

இன்னொரு நயமும் காண்க. எண்களை எழுத, எண்குறி ஒன்றை முதலில் இட்டு, அதன்பின் ஆங்கில முதற் பத்து எழுத்துகளின் கட்டங்களை 1 முதல் 0 வரை எண்களாகக் கொள்வர். அவ்வெண்குறி 3, 4, 5, 6 ஆகிய புள்ளிகள். எமது ணகரமும் அதே 3, 4, 5, 6. குழப்பம் நேராதோ என்று நாமும் முதலில் ஐயுற்றோம். ஆனால் தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்குவதில்லை என்று இலக்கணத்தில் படித்திருக்கின்றோம் அல்லவா? எனவே சொல்லின் தொடக்கத்தில் அக்கட்டம் வந்தால் அது எண் என்றும், நடுவில் வந்தால் ணகரம் என்றும் வாசிப்பவர் அறிந்துகொள்வார். பரீட்சைக்காக மட்டும் பாடமாக்கிய மொழிமுதல் எழுத்து விதி இங்கே விரல் நுனியில் பயன்படுகின்றது.

கணினி புள்ளியை அறியும் விதம்

இனிக் கணினிக்கு வருவோம். கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் எண் என்று வகுத்த பொது ஒப்பந்தமே யுனிகோட் எனப்படும் ஒருங்குறி. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. பிரெயில் புள்ளிகளுக்கு 1999 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இடம் கிடைத்தது. 10240 முதல் 10495 வரையான 256 எண்கள் அவற்றுக்கு உரியன.

ஆறு புள்ளிகளுக்கு 64 தானே, 256 எதற்கு? கணினிப் பயன்பாட்டில் கட்டத்தின் அடியில் மேலும் இரு புள்ளிகள், 7 உம் 8 உம், சேர்க்கப்படுகின்றன. இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256.

எந்தக் கட்டத்துக்கு எந்த எண் என்பதைப் பாடமாக்க வேண்டியதில்லை, கணக்கிட்டே அறியலாம். முதலாம் புள்ளியின் பெறுமதி 1. இரண்டாம் புள்ளிக்கு 2, மூன்றாவதுக்கு 4, நான்காவதுக்கு 8, ஐந்தாவதுக்கு 16, ஆறாவதுக்கு 32, ஏழாவதுக்கு 64, எட்டாவதுக்கு 128. இருக்கும் புள்ளிகளின் பெறுமதிகளைக் கூட்டி 10240 உடன் சேர்த்தால் அக்கட்டத்தின் எண் கிடைக்கும். அகரம் முதலாம் புள்ளி மட்டும், ஆகவே 10241. மகரம் 1, 3, 4 ஆம் புள்ளிகள், 1, 4, 8 ஆகியவற்றைக் கூட்ட 13, ஆகவே 10253. எமது சிறப்பெழுத்தாகிய ழகரம் 1, 2, 3, 5, 6 ஆம் புள்ளிகள்; கூட்டுத்தொகை 55; ஆகவே 10295. மாணவர்கள் தத்தம் பெயரின் எழுத்துகளுக்கு இவ்வாறு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இங்கேதான் கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய செய்தி வருகின்றது. 10295 என்பது ழகரமா? அன்று. நாம் வாழும் வட்டாரத்தின் பெயரை இத்தாலிய மொழியில் எழுதிப் பாருங்கள். லிபெர்த்தா என்பதன் இறுதியில் தலைமேல் சாய்கோடு தாங்கிய "ஆ" ஒன்று வரும். இத்தாலியப் பிரெயிலில் அவ்வெழுத்தின் புள்ளிகள் யாவை? அதே 1, 2, 3, 5, 6. லிபெர்த்தாவின் கடைசி எழுத்தும் தமிழின் கடைசி எழுத்தும் விரலுக்கு ஒன்றே! ஒருங்குறியில் இத்தாலியச் சாய்கோட்டு "ஆ"வின் எண் 224. ழகரத்தின் எண் 2996. இவை எழுத்தின் எண்கள். மொழியும் ஒலியும் இவற்றுள் அடங்கியுள்ளன. 10295 என்பதோ புள்ளிகளின் எண் மட்டுமே. அது எம்மொழிக்கும் உரியதன்று. எம்மொழியும் அதனை எடுத்து ஆளலாம்.

ஒருங்குறி வருமுன்னரே அமெரிக்காவில் வேறொரு வழியைக் கையாண்டனர். 64 கட்டங்களுக்கும் தட்டச்சுப் பலகையிலுள்ள 64 ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் ஈடாக வைத்தனர். பிரெயில் அச்சுப் பொறிகளுக்கு அனுப்பும் கோப்புகளில் இம்முறை இன்றும் வழங்குகின்றது. அத்தகைய கோப்பைச் சாதாரணமாகத் திறந்தால் "தமிழ்" என்னும் சொல் எவ்வாறு தோன்றும் தெரியுமா? ஆங்கில "டீ", "எம்", "ஐ", மின்னஞ்சல் முகவரியில் வரும் "அட்" குறி, ஓர் அடைப்புக்குறி. தாளில் புள்ளியாகக் குத்தப்படும்வரை அது தமிழ் என்று எவருக்கும் தெரியாது.

பாமினியும் எமது பிழையும்

இதனை வாசித்துச் சிரிக்கும் பெற்றோர் சற்றுப் பொறுங்கள். இதே காரியத்தை நாமும் பல்லாண்டுகள் செய்து வந்திருக்கின்றோம்.

புலம்பெயர் மண்ணில் எம்மவர் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துருவை நினைத்துப் பாருங்கள். அதில் "தமிழ்" என்று தட்டச்சிடும்போது கணினியில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி என்னும் முகமூடியை அணிந்தால் அவை தமிழாய்த் தோன்றும். கழற்றினால் ஆங்கிலமே எஞ்சும். ழகரம் அங்கே 2996 அன்று. ஆங்கில "ஓ"வுக்குரிய 111. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம்.

அச்சிறுமி வகுப்பில் சேர்ந்த முதல் நாள் நாம் உற்சாகத்துடன் எமது பழைய பாடக் கோப்பு ஒன்றை அவளுடைய கணினிக்கு அனுப்பினோம். அவளிடம் பிரெயில் பட்டை ஒன்று உண்டு. இத்தாலியர் அதனைப் "பார்ரா பிரெயில்" என்பர். கணினித் திரையிலுள்ள எழுத்துக்கு ஏற்ப அதன் மேற்பரப்பில் நுண்ணிய ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் கட்டங்களை அமைக்கும். அவள் விரலால் தடவினாள். முகம் சுருங்கியது. இத்தாலிய மொழியில் பெரிதும் வழங்காத "ஜே"யும் "கே"யும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. "மாஸ்ரர், இது தமிழா?" என்று கேட்டாள். நாம் திரையைப் பார்த்தோம். எமக்கு அது அழகான தமிழாகவே தெரிந்தது. அவள் விரலுக்கு அது எந்த மொழியுமே அன்று. பிழை அவளுடைய கருவியில் இல்லை. பல்லாண்டுகளாக எமது வகுப்புக்காகத் தட்டச்சிட்டு வைத்த பாடங்கள் அனைத்தையும் கண்ணுள்ளோருக்கு மட்டுமே எழுதியிருந்தோம் என்பதை அந்நேரத்தில்தான் உணர்ந்தோம்.

பின்னர் ஒருங்குறியில் தட்டச்சிட்ட வேறொரு பாடத்தை அனுப்பினோம். அதுவும் முதலில் சரிவரவில்லை. பட்டை இத்தாலிய அட்டவணையில் இயங்கிக்கொண்டிருந்தது. அவ்வட்டவணையில் தமிழ் எழுத்துக்கு இடமில்லாமையால் எழுத்துக்குப் பதிலாக அதன் எண்ணே புள்ளிகளாக வந்தது. என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருளை 2006 இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞராகிய மைக்கல் கரன் தொடங்கினார். இலவசமாகக் கிடைக்கும் அதன் அமைப்புகளில் தமிழ்ப் பிரெயில் அட்டவணையும் உண்டு. அதனைத் தெரிவு செய்ததும் ஊசிமுனைகள் ஒருமுறை தாழ்ந்து மீண்டும் எழுந்தன. அ. புள்ளி. ம. ம. ஆ. அவள் இருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தாயாரை அழைத்தாள். தாயார் பக்கத்து அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "என்ன பிள்ளை?" என்றார். "ஒன்றுமில்லை, வாசித்தேன்" என்றாள் அவள்.

எழுத்தைச் சேமிப்போம்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். கணினியில் தமிழை மூன்று விதமாகச் சேமிக்கலாம். முதலாவது, உருவத்தை மட்டும் சேமித்தல்; பாமினிக் கோப்பும், புத்தகப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்புவதும் இவ்வகை. இவை நேரே கண்ணுக்கு மட்டுமே பயன்படும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இன்று உண்டெனினும், அவை தரும் பிரதியை ஒருவர் இருந்து திருத்த வேண்டும். இரண்டாவது, புள்ளிகளை மட்டும் சேமித்தல். அச்சுப் பொறிக்கு இது போதும், ஆனால் எம்மொழி என்பதை வேறொருவர் சொல்ல வேண்டும். மூன்றாவது, எழுத்தையே அதற்குரிய ஒருங்குறி எண்ணால் சேமித்தல். இவ்வொன்றிலிருந்து கண்ணுக்கு அச்சும், காதுக்கு ஒலியும், விரலுக்குப் புள்ளியும் வேண்டியபோது பெறலாம்.

"காதால் கேட்டால் போதாதா?" என்ற தாயாரின் கேள்விக்கும் விடை கூற வேண்டும். கதை கேட்கப் போதும். எழுதக் கற்கப் போதாது. எம்மவர் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நகரமும் னகரமும் காதுக்கு ஒன்றே. எதனை எங்கே எழுதுவது என்பதைக் கண்ணுள்ள பிள்ளை கண்டு பழகுகின்றது. பார்வையற்ற பிள்ளை தொட்டே பழக வேண்டும். பிரெயிலில் இவை தெளிவாக வேறுபடுகின்றன. லகரம் இடப்பக்கத்து மூன்று புள்ளிகளும் நிறைந்தது. ளகரம் வலப்பக்கத்து மூன்றும் நிறைந்தது. ழகரத்தில் நான்காம் புள்ளி ஒன்றே இல்லை. நகரம் நான்கு புள்ளிகள், னகரம் இரண்டே.

ஆகவே பெற்றோரை அன்புடன் வேண்டிக்கொள்கின்றோம். பிள்ளைகளின் பேச்சு, கட்டுரை, அறிவித்தல் எதுவாயினும் ஒருங்குறியில் தட்டச்சிட்டு அனுப்புங்கள். வீட்டிலுள்ள பழைய பாமினிக் கோப்புகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்தினால் போதும். எமது பாடசாலையின் பாடங்களை நாம் ஒவ்வொன்றாக மாற்றி வருகின்றோம். உயர்வகுப்பு மாணவர்கள் சிலர் சனிக்கிழமைகளில் வகுப்பின் பின் இருந்து உதவுகின்றனர். மேலும் கைகள் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! பெப்ரவரி 21 ஆம் நாள் உலகத் தாய்மொழி நாள் என்பதை நீங்கள் அறிவீர்கள். யுனெஸ்கோ அதனை 1999 இல் அறிவித்தது. இத்தாலிய நாடு 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதே பெப்ரவரி 21 ஐத் தேசிய பிரெயில் நாளாகவும் ஆக்கியிருக்கின்றது. பலெர்மோவில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு அவ்விரு நாள்களும் ஒரே நாளாக அமைந்தது நல்வாய்ப்பே. வரும் ஆண்டில் அந்நாளன்று ஒவ்வொரு வகுப்பும் முட்டைப் பெட்டியில் தன் பெயரை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று இப்பொழுதே அறிவித்து வைக்கின்றோம்.

இம்மலர் அச்சுக்குச் செல்லுமுன் இக்கட்டுரையை ஒருங்குறிக் கோப்பாக அச்சிறுமிக்கு அனுப்பி, பிழை இருந்தால் கூறுமாறு கேட்டோம். மறுநாள் மாலை பதில் வந்தது. ஓரிடத்தில் "பழைய" என்று வரவேண்டியதை "பளைய" என்று தட்டச்சிட்டிருந்தோமாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த எமது கண்ணுக்கு அது தப்பிவிட்டது. அவள் விரலுக்குத் தப்பவில்லை. திருத்திவிட்டோம்.